தவளை அறைக் காற்று

அந்த வீட்டில் ஏசி ஒன்றே ஒன்றுதான். அது தவளைகளுக்கு. மனிதர்களுக்கு மின்விசிறி, அதையும் வேகமாக வைத்தால் கூரையோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். கல்யாணமான புதிதில் யாராவது இப்படி ஒரு வாழ்க்கையைக் காட்டி, இதுதான் உன்னுடையது என்று சொல்லியிருந்தால் தையல்காரி வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். இப்போது அவளே மாடிவீட்டுக்காரர்களிடம் போய், "கொஞ்சம் மெதுவா நடங்க, எங்க வீட்டுத் தவளைங்க முட்டை விட்டிருக்கு" என்று கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தாள்.

அவள் ஒரு துணிக்கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கியவர்களின் காலைவிட நீளமாக இருக்கும் கால்சட்டைகளை வெட்டித் தைத்துக் கொடுப்பவள். புருஷன் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு உப்பும் அறைக்குப் பொறுப்பு. பிசைந்த மாவு அந்த அறையில் கதகதப்பிலும் ஈரத்திலும் பொங்கி எழ வேண்டும். சூடு கூடினால் புளித்துவிடும், ஈரம் குறைந்தால் மேலே தோல் கட்டிவிடும். உள்ளே நுழையும்போது கன்னத்தில் படும் காற்றை வைத்தே அவர் அளவு சொல்லுவார். அப்புறம் மீட்டரைப் பார்த்தால் மீட்டர் அவரை ஒப்புக்கொண்டிருக்கும். தெருவில் அவருக்கு ரொட்டிக்காரர் என்றே பெயர்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வந்த ஆசையும் அதே ஜாதி ஆசைதான். சிலருக்குக் குதிரைப் பந்தயம், சிலருக்கு இன்னொரு வீடு. இவருக்குக் கட்டைவிரல் உயரத்தில், மையில் முக்கி எடுத்த மாதிரி நீலமாக ஆறு தவளை. "இன்னொரு வீடா இருந்தா தலைமுடியைப் பிடிச்சு இழுத்துச் சண்டை போட்டாவது பிரிச்சிருக்கலாம். தவளைக்கு எங்க முடி இருக்கு?" என்று கடையில் அவள் சொல்லிச் சிரிப்பாள்.

அவை விஷத் தவளைகள். காட்டில் இவற்றின் தோலில் ஊறும் விஷத்தை அம்பு முனையில் தடவி வேட்டையாடுவார்களாம். முதல்நாள் அதைக் கேட்டதும் அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"பயப்படாத. காட்டுல எறும்பு, பூச்சின்னு அது தின்ற தீனியிலதான் விஷம் ஊறும். இதுங்க கண்ணாடிப் பெட்டியில பொறந்ததுங்க. சுத்தமா விஷம் கிடையாது."

"அப்ப இந்தக் கலரெல்லாம்?"

"சும்மா மிரட்டல்தான். உன் தம்பி மீசை வச்சிருக்கான்ல, அந்த மாதிரி."

பின்பக்கத்துப் படுக்கையறை தவளை அறை ஆயிற்று. அலமாரி அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அடியில் தண்ணீர் இறங்கி நிற்கக் களிமண் உருண்டைகள், அதன்மேல் வலை, மண், பாசி, காய்ந்த இலைகள். எல்லாவற்றுக்கும் மேலே காற்று. அந்தக் காற்றுதான் பெரும்பாடு. சூடு இருபத்திநாலில் நிற்க வேண்டும், ஈரம் எண்பதில் நிற்க வேண்டும். ஏசி போட்டுக் குளிரவைத்தால் காற்று காய்ந்துபோகும். ஈரம் கொடுத்தால் புழுங்கும். புழுங்குகிறதே என்று மூடியின் வலைப்பக்கத்தைத் திறந்துவிட்டால் ஈரமெல்லாம் ஓடிவிடும். மாமியார், மருமகள், நாத்தனார் மூவரையும் ஒரே சமையலறையில் ஒரே நேரத்தில் சிரித்த முகமாக நிற்கவைப்பது எப்படியோ, அப்படி.

அதற்காக அவர் வாங்கி வைத்ததுதான் புகைப்பெட்டி. அது அவள் வைத்த பெயர். மூடிபோட்ட தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஒரு சின்ன வில்லை கண்ணுக்குத் தெரியாமல் அதிர்ந்து, தண்ணீரைக் குளிர்ந்த புகையாக்கி அனுப்பும். ஒரு குழாய் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. ஏசி அறையையே காயப்போடுகிறதே என்று அறைக்குள்ளும் ஒரு குழாயைத் திறந்துவிட்டார். கதவின் அடியில் குளிர் கசியாமலிருக்க ஒரு பஞ்சு உருளை தேவைப்பட்டது. அதை அவள்தான் தைத்தாள். தையலில் ஒரு இடைவெளி கிடையாது. காற்று நுழைய முடியாது. தன் வேலையில் அவளுக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

தவளைக்குத் தோல்தான் வாய். தோலில் படுவதை எல்லாம் அது குடித்துவிடும். ஆகவே அந்த அறைக்குள் சோப்பு கிடையாது, கிருமிநாசினி கிடையாது, கையில் கிரீம் தடவியிருந்தால் அவளுக்கே அனுமதி கிடையாது. புகைப்பெட்டித் தொட்டியையும் எதையும் போட்டுத் தேய்த்ததில்லை. குறையக் குறைய வடிகட்டிய தண்ணீரை ஊற்றுவதோடு சரி. தொட்டியின் உட்சுவரில் வழவழவென்று ஏதோ படர்ந்தபோது அவர் சந்தோஷப்பட்டார்.

"பாரு, காட்டுல இருக்கிற மாதிரியே ஆயிடுச்சு."

அவளும் எட்டிப்பார்த்துவிட்டு, "ஆமாங்க, பல்லு தேய்க்காத வாய் மாதிரி இருக்கு" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

இருமல் ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஆனால் எது எதற்கப்புறம் என்று அன்றைக்கு யார் கணக்கு வைத்தார்கள்? முதலில் காய்ந்த இருமல். பிறகு மாலையில் லேசான காய்ச்சல். பிறகு படியேறினால் பாதியில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தை அக்கறையாகப் படிப்பார். மூச்சு வாங்குகிறது என்று சொல்லமாட்டார். தெருமுனை மருத்துவர் முதுகில் குழாயை வைத்துக்கொண்டே, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். ரொட்டித் தொழிற்சாலை என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"மாவுத்தூசி. வேற ஒண்ணும் இல்ல. வேலையை விட்டுட்டு வீட்ல நிம்மதியா இருங்க."

அவர் வேலையை விட்டார். நாளெல்லாம் வீட்டில் இருந்தார். வீட்டிலே எங்கே குளுமை, எங்கே நிம்மதி? தவளை அறையில்.

மூச்சு இன்னும் மோசமாயிற்று. பழைய தூசி இறங்கச் சில மாதம் ஆகும் என்று மருத்துவர் சொன்னதால் அவள் காத்திருந்தாள். இதில் ஒரு வேடிக்கை, புகைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்கு இருமல் கொஞ்சம் அடங்கியது. ஈரக்காற்று தொண்டைக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். சில சமயம் குழாயைக் கையில் எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

"தவளைக்கு வாங்கினது உங்களுக்கும் உதவுது பாருங்க. இங்கயே படுத்துக்கறீங்களா?" என்று கேட்டவள் அவள்தான். கட்டிலின் கால்களைக் கழற்றி, ஒற்றையாளாக இழுத்து, தவளை அறையில் மறுபடி மாட்டியவளும் அவள்தான். தலைமாட்டைப் புகைப்பெட்டிப் பக்கமாக வைத்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தொட்டியில் தண்ணீர் நிறைத்துவிட்டு, கதவைச் சாத்தி, பஞ்சு உருளையைக் காலால் நெருக்கித் தள்ளிவிட்டுப் போவாள்.

ஒருநாள் உதடு நீலமாயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், துருப்பிடித்த கட்டில் கிறீச்சிட்டது, சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை. ஆனாலும் மனிதர் தேறினார். நாலாம் நாளே எழுந்து நடந்து, பக்கத்துக் கட்டில்காரரோடு வம்புக்குப் போனார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம்; மறுபடி பழையபடி. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி தேறுதல். மறுபடி வீடு.

பார்க்க வந்த நாத்தனார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "ஆஸ்பத்திரியில நல்லா இருக்கான், வீட்டுக்கு வந்தா படுத்துக்கறான். வீட்ல என்ன இருக்குன்னுதான் எனக்குப் புரியல."

"நான் இருக்கேன் அண்ணி" என்றாள் தையல்காரி.

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீங்க சொல்லல. நானே சொல்லிக்கிட்டேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவள் முகப்பவுடரை நிறுத்தினாள். கொசுவத்தியை நிறுத்தினாள். துணிக்கடையில் ஒட்டிக்கொண்டு வரும் பஞ்சும் நூலும் காரணமோ என்று வாசலிலேயே உடைமாற்றிக்கொண்டு உள்ளே போனாள். திரைச்சீலைகளை அவிழ்த்தாள். தலையணைகளை எறிந்தாள். கடைசியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் படுப்பதையும் நிறுத்திவிட்டுக் கூடத்தில் பாயைப் போட்டாள். வீட்டில் அவளைச் சேர்ந்தது ஒவ்வொன்றாக வெளியே போயிற்று. புகைப்பெட்டி மட்டும் இடைவிடாமல் மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் நுரையீரல் மருத்துவர் ஒரு பெண். அவள் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மாவுத்தூசியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"வீட்ல புறா வளக்கறீங்களா?"

"இல்ல" என்றார் ரொட்டிக்காரர்.

"கிளி, கோழி?"

"இல்ல டாக்டர்."

"நாய், பூனை?"

"எதுவும் இல்ல." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அத்தனையும் உண்மைதான்; கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னார். ஆனால் அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவளுக்குப் பிடிபட்டது. இந்த மனிதருக்கு ஏதோ சந்தேகம் இருந்திருக்கிறது.

"தவளை இருக்கு டாக்டர்" என்றாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ஏசி, புகைப்பெட்டி, அறைக்குள் திறந்துவிட்ட குழாய், கட்டிலின் தலைமாடு. கேட்கக் கேட்க மருத்துவரின் பேனா மேசையில் படுத்துக்கொண்டது.

"அந்தத் தொட்டியை என்ன போட்டுக் கழுவுவீங்க?"

இதற்கு ரொட்டிக்காரர் முந்திக்கொண்டார். தனக்குத் தெரிந்த விஷயம் வந்துவிட்டதே. "எதுவுமே போடக்கூடாது டாக்டர். தவளைத் தோல் எல்லாத்தையும் உறிஞ்சிடும்."

"உங்க நுரையீரலும்தான் உறிஞ்சுது" என்றாள் மருத்துவர்.

தொட்டியில் படர்ந்த வழவழப்புதான். அதில் வளர்ந்தவை புகையோடு சேர்ந்து பறந்து மூச்சுக்குள் போயிருக்கின்றன. உடம்பு அவற்றோடு சண்டைபோட்டு, சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பாகிவிட்டது. தவளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்குத்தான் ஆயிற்று. பெட்டியை எடுத்து, அறையையும் ஒழித்துச் சுத்தம் செய்தால், தழும்பு மேலும் பரவாமல் நிற்கலாம். நிற்காமலும் போகலாம். ஆன தழும்பு போகாது.

வரும் வழியில் ஆட்டோவில் அவள் கேட்டாள். "உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "தெரியும்னு இல்ல... ஆஸ்பத்திரியில இருக்கும்போது தோணுச்சு."

"தோணினதைச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ தூக்கிடுவ."

தன் பவுடர், திரைச்சீலை, பாய் எல்லாம் ஒரு சுற்று அவள் மனதில் வந்து போயின. நடுத்தெருவில் ஆட்டோவை நிறுத்தி இறங்கிவிடலாமா என்றிருந்தது. இறங்கினால் அவரைப் படியேற்றுவது யார்?

மீன்கடைக்காரர் வந்து தவளைகளை எடுத்துப்போனார். வண்ணமீன் தொட்டிகள் விற்பவர். ரொட்டிக்காரரை அண்ணே என்று கூப்பிட்டு, இந்த ஆசையில் அவரை இறக்கிவிட்டதே அவர்தான். கண்ணாடிப் பெட்டியை நாலு ஆள் தூக்கினார்கள். ரொட்டிக்காரர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மூச்சுக்கு ஒரு விஷயமாகச் சொன்னார்.

"ஏசி காத்து... நேரா பெட்டி மேல... படக்கூடாது."

"சரிண்ணே."

"மூடியில பாதிக்குக் கண்ணாடி... பாதிக்கு வலை."

"சரிண்ணே. நீங்க பேசாதீங்க."

"பெரியவன் முதுகுல... தலைப்பிரட்டைக் குஞ்சு ஏறியிருக்கு. தண்ணி பாத்து... அவனே இறக்கிவிடுவான். நீ கைவைக்காத."

"கண்ணை மூடிட்டு என்கிட்ட விடுங்கண்ணே" என்றார் மீன்கடைக்காரர். அந்த வாக்கியத்தை அவர் வேறுமாதிரி சொல்லியிருக்கலாம் என்று தையல்காரிக்குத் தோன்றியது.

புகைப்பெட்டியை அவள் குப்பையில் போடவில்லை. யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடப் போகிறார்களே என்று சுத்தியலால் அடித்து நொறுக்கினாள். நொறுக்கி முடித்தபின்னும் கொஞ்சநேரம் அடித்தாள். தவளை அறையின் சுவர்களைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, ஜன்னல்களைத் திறந்துபோட்டாள். கட்டில் கூடத்துக்கு வந்தது.

தழும்பு நிற்கவில்லை. கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின் வந்தது, மூக்கில் குழாய் வந்தது, விரலில் எண் காட்டும் கிளிப் வந்தது. மருத்துவர் முதலில் மூன்று மாதம் கழித்து வரச்சொன்னாள், பிறகு ஒரு மாதம், பிறகு, "கூட்டிட்டு வந்து அலைய வேண்டாம்மா, எதுன்னாலும் போன் பண்ணுங்க" என்றாள். அந்த மென்மையான குரலுக்கு என்ன அர்த்தம் என்று தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. ரொட்டிக்காரருக்கும் புரிந்திருக்கும். இரண்டு பேரும் அதைப்பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

அவருக்கு மிச்சம் இருந்த ஒரே விசாரணை தவளைகள். போனில் பேசினால் மூச்சு தீர்ந்துவிடும் என்பதால், வேலை முடிந்து வரும் வழியில் மீன்கடையில் எட்டிப்பார்த்து அளவு கேட்டு வருவது அவள் பொறுப்பு. வாசலில் அவள் தலை தெரிந்ததும் கையை லேசாகத் தூக்குவார். எவ்வளவு என்று அர்த்தம்.

"இருபத்தஞ்சு. எழுபத்தெட்டு."

"ம்."

ஒரு மத்தியானம் மீன்கடைக்காரரே துணிக்கடைக்கு வந்தார். தையல் மெஷினுக்கு எதிரே, கால்சட்டை கொடுக்க வந்தவர் மாதிரி நின்று, கைகளைப் பிசைந்தார். "அண்ணி, ஏசி நின்னுபோச்சு. நான் சரக்கெடுக்கப் போயிருந்தேன். கடை பூட்டியிருந்துச்சு. வந்து பாக்கறேன்..." வளர்ந்த ஆண்பிள்ளை, கடைக்காரர்கள் பார்க்க, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார்.

"எல்லாமேவா?"

"எல்லாமே. அண்ணன்கிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தப் பக்கமே வராதீங்க."

அவள் மறுபடி மெஷினை மிதித்தாள். அந்தக் கால்சட்டையை அளவுக்கு மேலே வெட்டிவிட்டாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

சாயங்காலம் அவர் கையைத் தூக்கியபோது, வரும் வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்ததை அவள் சொன்னாள். "இருபத்திநாலு. எண்பது."

மறுநாளும் இருபத்திநாலு, எண்பது. அதற்கு மறுநாளும் அதே. பொய் சொல்வதில் அவளுக்குப் பழக்கம் போதாது. சரியான எண்ணைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

"மீன்கடைக்காரன் கையிலயா?" என்றார் அவர். "என் கையிலயே... ஒருநாளும் இப்படி நின்னதில்லயே."

மறுநாள் அவள் எழுபத்தொன்று என்றாள். உடனே மனிதருக்கு உயிர் வந்தது. "முழு மூடியும் வலையா... வச்சிருப்பான். அறிவுகெட்டவன். பாதிக்குக் கண்ணாடி போடச் சொன்னேன்ல? இவனெல்லாம் மீன் வித்துப் பொழைச்சா... மீனுக்கு நீச்சல் மறந்துபோகும்." திட்டித் திட்டி, விரல் கிளிப்பின் எண் இறங்கி, மெஷின் கீச்சிட்டது. அவள் பயந்துபோய் நெஞ்சைத் தடவிவிட்டாள். ஆனால் அன்று ராத்திரி அவர் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அதிலிருந்து தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அவள் தினம் ஒரு தப்பை யோசித்தாள். ஒருநாள் மீன்கடைக்காரர் குழாய்த் தண்ணீரையே தெளித்துவிட்டார். ஒருநாள் ஏசியை நேரே பெட்டிமேல் திருப்பிவிட்டார். ஒருநாள் ஈரம் தொண்ணூற்றெட்டு, கண்ணாடி முழுக்க வியர்த்து ஒன்றும் தெரியவில்லை. பாவம், அந்த மனிதர் வாழ்நாளில் வாங்காத திட்டையெல்லாம் அந்தக் கூடத்தில் வாங்கினார். ரொட்டிக்காரர் மூக்குக் குழாயோடு எழுந்து உட்கார்ந்து, கையை ஆட்டி, தலையணையைக் கண்ணாடிப் பெட்டியாக வைத்து விளக்கினார். ஒரு படம் எடுத்து வா என்று மட்டும் அவர் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே இருந்தாள்.

பிறகு, திட்டுகள் குட்டையாகிக்கொண்டு வந்தன. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மெஷின் இரண்டுதரம் இழுத்துவிட்டது. ஒரு சாயங்காலம் அவள் வந்ததும், அவர் காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் சொன்னாள். தையல்காரி பையைக்கூட இறக்காமல் கட்டிலருகே போய் நின்றாள். கை தூக்கவில்லை. எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்று, இருப்பதிலேயே பெரிய தப்பாக ஒன்றைச் சொன்னாள்.

"ஏங்க, இன்னிக்கு முப்பத்திரெண்டு ஆயிடுச்சாம். காலையிலேர்ந்து முப்பத்திரெண்டு."

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். கோபமே இல்லாமல் நிதானமாகப் பார்த்தார்.

"முப்பத்திரெண்டுல... தவளை இருக்காதும்மா."

நாத்தனார் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெஷின் இழுத்தது, விட்டது. அவர் விரலால் கட்டிலின் ஓரத்தைத் தட்டினார். உட்கார் என்று அர்த்தம். அவள் உட்கார்ந்தாள்.

"இருபத்தெட்டுன்னு... வச்சுக்க" என்றார். "இருபத்தெட்டுக்கு... திட்டலாம்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"இருபத்தெட்டு ஆயிடுச்சாங்க."

"அறிவுகெட்டவன்" என்று ஆரம்பித்துவிட்டு, அடுத்த வார்த்தைக்கான மூச்சை அவர் தேடத் தொடங்கினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அது வரட்டும் என்று காத்திருந்தாள்.